பதினான்கு பலகைகளின் முதுகு

அந்தச் சனிக்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, நான், கிராண்ட்பாஸிலிருந்து வந்திருந்த சித்தப்பா. இல்லாதவர்கள் இரண்டு பேர். வந்து பார்ப்பதாகச் சொன்ன சிற்றாலயக் குழுத் தலைவர் வரவில்லை. அப்பா கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். தரையில் அடுக்கியிருந்த பதினான்கு படங்களையும் பெயின்றால் கீறியவர் அப்பா. அவை அத்தனையும் வளைந்துபோய்விட்டன என்பதை அவருக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை.

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் முடிவில் ஒரு சின்னச் சிற்றாலயம் இருக்கிறது. நாற்பது பேர் நெருக்கி நிற்கலாம். அதன் சுவரிலிருந்த சிலுவைப் பாதைப் படங்களைக் கறையான் தின்றுவிட்டது. புதிதாகப் பதினான்கு படங்களையும் தானே கீறித் தருவதாக அப்பா ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார். அவர் கூட்டத்தில் வாய் திறந்து நான் கண்டது அது ஒருமுறைதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நாட்டாமையாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். முதுகு விட்டபிறகு பெயின்ற் அடிக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் வேலை முடிந்து மிஞ்சும் பெயின்றில் வீட்டுக் கதவின் பின்பக்கம் கப்பல்களைக் கீறி வைத்திருந்தார். ஓய்வு பெற்றபின் ஹார்ட்போர்ட் பலகைகளை அளவாக வெட்டுவித்து, ஒன்றரை வருடம் இருந்து பதினான்கையும் முடித்தார். தொடங்கும்போதே கண்ணில் படலம் விழத் தொடங்கியிருந்தது; கடைசி நாலைந்து படங்களின்போது முற்றிவிட்டது. பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கீறினார்.

படங்கள் முடிந்த பிறகுதான் படலத்தை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார். இரண்டு நாளில் வந்துவிடலாம் என்றார்கள். சீனி வருத்தம் இருந்ததால் கண்ணில் கிருமி பிடித்து, மூன்று கிழமை ஆஸ்பத்திரி வாட்டிலேயே வைத்துவிட்டார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்பா போன முதல் கிழமையில், தூசு தட்டுவதற்காக, படங்களைப் போர்த்தியிருந்த பெட்சீட்டை அம்மா விலக்கியபோதுதான் கண்டோம். மாசி மாதத்து வெயில், எங்கள் அஸ்பெஸ்டஸ் கூரை, சுவரில் சாய்த்து வைத்த பலகைகள். பதினான்கும் முகத்துப் பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றன. ஒரு மூலையை அமத்தினால் எதிர் மூலை எழும்பியது. குழுத் தலைவர் வந்து ஒரு படத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினார். அது தொட்டில் மாதிரி ஆடியது.

"வெள்ளவத்தையிலை ஒரு குடும்பம் இந்தியாவிலையிருந்து அச்சடிச்ச செட் ஒண்டு எடுத்துத் தாறதெண்டு நிக்குது. நான்தான் உங்கட அப்பாவுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறன். தவக்காலம் தொடங்குற விபூதிப் புதனுக்கு முதல் சுவரிலை ஏறோணும். வளைஞ்ச படத்துக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கச் சொன்னால் சனம் சிரிக்கும்."

அவர் போனபின் அம்மா பெட்சீட்டை எடுத்துத் திரும்பப் படங்களைப் போர்த்தினாள். "இவர் வாறதுக்குள்ள அந்தச் சுவரிலை வேற படம் தொங்கக் கூடாது. எனக்கு வேற ஒண்டும் தெரியாது மகன்" என்றாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அதன்பிறகு பல்கலைக்கழகமும் போனேன். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் பில் கூடி வந்தாலும் சரி, பலகை வளைந்தாலும் சரி. நானும் தெரியாது என்று சொல்லிப் பழகவில்லை. முதலில் பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு மேலே அரிசி மூட்டையை வைத்தேன். இரண்டு நாள் கழித்து மூட்டையை எடுத்தபோது, எதுவும் நடக்காததுபோல அவை மறுபடி வளைந்துகொண்டன.

நான் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. பக்கத்தில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு பிரேம் கடை. நடத்துபவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். சுவர் முழுக்கக் கலியாணப் படங்களும் பிள்ளையாரும் முருகனும். இரண்டு பலகைகளைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் ஒன்றைக் கண்ணாடி மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது படமோ பப்படமோ?"

நான் சிரிக்கவில்லை. அவர் பலகையைத் திருப்பி முதுகைத் தடவினார்.

"கோவிக்காதேங்கோ. முகத்துக்கு எனாமல் அடிச்சு மூடியாச்சு. முதுகு சும்மா கிடக்கு. வெக்கைக்கு முதுகு காஞ்சு சுருங்கிப்போச்சு, முகம் அப்பிடியே நிக்குது. அப்ப வளையாமல் என்ன செய்யும்? முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டால் இப்பிடித்தான்."

"இப்படியே பிரேமுக்குள்ள இறுக்கினா சரி வராதா அக்கா?"

"இறுக்கலாம். ஒரு மாசத்திலை பிரேம் மூலை விட்டுப்போம். முதல்லை முதுகுக்குத் தண்ணி குடுங்கோ. ஊத்தக் கூடாது, ஈரத்துணியாலை ஒத்தோணும். பிறகு கவிட்டுப் போட்டு நல்ல பாரம் வையுங்கோ. இடையிலை பேப்பர் வைச்சு ஒவ்வொரு நாளும் மாத்துங்கோ. நாலு நாளிலை படியும். படிஞ்ச உடனை முதுகுக்கும் பெயின்ற் அடிச்சு மூடிப்போடுங்கோ. இல்லாட்டில் திரும்பவும் இந்தக் கூத்துத்தான்."

"நீங்களே செய்து தர மாட்டீங்களா?"

"பதினாலையும் எங்க வைக்கிறது? கடையைப் பாருங்கோ, நான் நிக்கிறதுக்கே இடமில்லை." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "ஒண்டு சொல்லிப்போட்டன். தண்ணி கூடினால் ஹார்ட்போர்ட் புட்டு மாதிரி ஊதும். முகத்துப் பெயின்ற் உரியும். பிறகு ஒருத்தராலையும் திருத்த ஏலாது."

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் மூவரில் ஒருவரும் முதல் பலகையைத் தொட விரும்பவில்லை. வாளியில் தண்ணீர் இருந்தது. துவாய் என் கையில் இருந்தது. எதை முதலில் நனைத்துப் பார்ப்பது என்று கேட்டேன். அம்மா குனிந்து படங்களைப் பார்த்துக்கொண்டே போய் முதலாம் நிலையில் நின்றாள். ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேசாதிபதி கை கழுவுகிற படம்.

"இவரை நனை. இவர் தண்ணிக்குப் பழகின ஆள்."

சித்தப்பா சிரித்துவிட்டார். "பழுதாப் போனாலும் இவர்தானே அண்ணி, பரவாயில்லை."

"அதுக்கும் சேர்த்துத்தான் சொன்னன்."

பலகையைப் பழைய போர்வையின் மேல் கவிழ்த்துப் போட்டு, பிழிந்த துவாயால் முதுகை ஒற்றினேன். காய்ந்த பலகை தண்ணீரை உடனே குடித்தது. பத்து நிமிடம் காத்திருந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தோம். பெயின்ற் உரியவில்லை. தேசாதிபதியும் அவருடைய தண்ணீர்க் கிண்ணமும் அப்படியே இருந்தன. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த பலகையிலிருந்து எனக்குத் துணிவு வந்துவிட்டது. பாரத்துக்கு அம்மிக்கல் கேட்டு சித்தப்பா பக்கத்து வீட்டுக்குப் போனார். அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நனைத்தேன். பலகைகளின் முதுகில் மூலையில் சோக்கால் போட்ட கோடுகள் இருந்தன. சிலதில் இரண்டு மூன்று, சிலதில் ஒரு கட்டு. பலகைக் கடையில் எண்ணி அடையாளம் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். சோக்குத் தூசியின் மேல் பெயின்ற் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த மூலைகளைக் கொஞ்சம் அழுத்தியே துடைத்தேன்.

சமமான தரை எங்கள் வீட்டில் இல்லை. அறைக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு, கீழே மட்டைகளைச் செருகிச் சமப்படுத்தினோம். அதன்மேல் ஏழேழாக இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் இடையில் பேப்பர். மேலே ஒரு பலகை, அதற்கு மேலே அம்மிக்கல், அரிசி மூட்டை, சித்தப்பாவின் ரெயில்வே வேலை ஆயுதப் பெட்டி. இன்னும் பாரம் போதாது என்று தோன்றியது. கட்டிலுக்குக் கீழே இருந்த என் புத்தகங்கள் எல்லாவற்றையும் இழுத்தெடுத்து ஏற்றினேன். உயர்தரப் பாடப் புத்தகங்கள், பல்கலைக்கழகக் குறிப்புகள், கணக்கியல் தடிப் புத்தகங்கள் நாலு.

அம்மா வந்து பார்த்தாள். "இவ்வளவு வருசமும் கட்டிலுக்குக் கீழை சும்மா படுத்துக் கிடந்ததுகள். இண்டைக்குத்தான் ஒரு வேலை செய்யுதுகள்."

"படிச்சதாலதான் அம்மா எனக்கு வேலை கிடைச்சது."

"அது நீ. நான் புத்தகத்தைச் சொன்னன்."

ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் இறக்கி, ஈரமான பேப்பரை எடுத்து, காய்ந்ததை வைத்து, மறுபடி ஏற்றினோம். புதன்கிழமை மாலை இறக்கியபோது, முதலில் எடுத்த பலகையைக் கதவின்மேல் வைத்து நாலு மூலைகளையும் அமத்தினேன். ஒன்றும் அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. பதினான்கையும் பார்த்து முடித்தபோது அம்மா கதவின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே முதுகுகளுக்கு வெள்ளை அண்டர்கோட் அடித்தேன். நன்றாக, மூலை முடுக்கு விடாமல்.

வெள்ளிக்கிழமை மாலை பெயின்ற் காய்ந்திருந்தது. பிரேமுக்கு அனுப்ப அடுக்கலாம் என்று சித்தப்பா வந்தார். ஒரு படத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார்.

"கோடு எங்க?"

"என்ன கோடு?"

"அண்ணன் ஒவ்வொண்டுக்குப் பின்னாலயும் சோக்கால கோடு போட்டு வச்சிருந்தாரே. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒண்டு இழுத்தா அஞ்சு. ஹாபர்ல மூட்டை எண்ணுற மாதிரி. எத்தனையாவது படம் எண்டு அதை வச்சுத்தான் தெரியும்."

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான். அப்பா எழுதியிருந்ததை வாசிக்காமலே துடைத்திருக்கிறேன்.

ஆனாலும் பயப்படவில்லை. சிலுவைப் பாதை எல்லோருக்கும் மனப்பாடம். பதினொரு படங்களை ஐந்து நிமிடத்தில் வரிசையாக வைத்துவிட்டோம். தீர்ப்பு, சிலுவை சுமத்தல், தாயைச் சந்தித்தல், முகம் துடைத்தல், ஆடை களைதல், அறைதல், அடக்கம். மூன்று படங்கள் மிஞ்சின. ஆண்டவர் சிலுவையோடு மூன்று தரம் விழுகிறார்: மூன்றாம் நிலை, ஏழாம் நிலை, ஒன்பதாம் நிலை. மூன்றிலும் அதே தெரு, அதே கல், அதே செம்மண் நிறம். விழுந்து கிடக்கும் மனிதனின் முதுகும் ஒன்றுதான். அது அப்பாவின் முதுகு என்று அம்மா சொன்னாள். வித்தியாசம் சிலுவையில்தான் இருந்தது. ஒன்றில் சிலுவை கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. இன்னொன்றில் ஒரு கை அதைப் பிடித்திருந்தது. மற்றதில் இரண்டு கைகளாலும் சிலுவையைக் கட்டிப்பிடித்தபடி, முகம் மண்ணில் அழுந்திக் கிடந்தார்.

"அவரிட்டையே கேப்பம்" என்றார் சித்தப்பா.

"கேட்டா ஏன் அழிஞ்சது எண்டு கேப்பார். வளைஞ்சது, நனைச்சது எல்லாம் வெளிய வரும். அப்ப அந்த மனுசன் அழுவார். அழக் கூடாதெண்டு டொக்டர் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையா?" என்றாள் அம்மா.

அடுத்த நாள் வாட்டுக்குப் போனபோது, சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்பா கண்ணில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்தார்.

"மகனா? படங்கள் சுகமா?"

"சுகம் அப்பா."

"சுவரிலை சாச்சு வச்சிராதீங்க. வெயில் காலம்."

"இல்லை அப்பா. படுக்கத்தான் வச்சிருக்கு." அந்த நேரத்தில் அது பொய்யில்லை. "அப்பா, அந்த மூணு தரம் விழுறதைக் கீறினீங்களே. அது கஷ்டமா இருந்ததா?"

"அதுதான் லேசு. அது எனக்குத் தெரிஞ்ச வேலை." கட்டுக்குக் கீழே அவர் வாய் சிரித்தது. "ஏன் கேக்கிறாய்?"

நேர்ஸ் மருந்துத் துளி விட வந்தார். "சும்மா கேட்டன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்து முடிவு செய்தேன். முதல் தரம் விழும்போது உடம்பில் பலம் இருக்கும். அதனால் சிலுவையை விடாமல் கட்டிப்பிடித்திருப்பார். இரண்டாம் தரம் ஒரு கையால் பிடித்திருப்பார். மூன்றாம் தரம் பலம் முழுதும் போய் சிலுவை கையைவிட்டு விலகிப்போயிருக்கும். வீட்டில் மூன்று படங்களையும் வரிசையாக வைத்து இதை விளக்கினேன்.

"பிள்ளை சொல்றது சரி. களைச்சவன் விட்டுருவான்" என்றார் சித்தப்பா.

அம்மா கட்டிப்பிடித்துக் கிடக்கும் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னவோ..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். "சரி. நீ படிச்சனீ. உனக்குத் தெரியும்."

பிரேம் கடை அக்கா பதினான்கையும் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக வைத்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. "பரவாயில்லையே, பப்படம் பலகையாப் போச்சு" என்றார். முதுகில் குறுக்கே மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி, இனி எந்த வெயிலுக்கும் வளையாதபடி செய்தார். ஒவ்வொரு பிரேமுக்கும் கீழே மரத்தில் வெட்டிய எண் ஒன்றைச் சின்ன ஆணிகளால் அறைந்தார். அவர் கேட்ட வரிசையை நான்தான் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் எல்லாவற்றையும் சுவரில் ஏற்றினோம். குழுத் தலைவர் கதிரையில் ஏறி, பிரேமுக்கும் சுவருக்கும் இடையில் எங்காவது வெளி தெரிகிறதா என்று ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கடைசிப் படத்தில் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "ம்... இருக்கட்டும்" என்றார். அச்சடித்த செட்டைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

அப்பா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். தவக்காலத்தின் முதல் வெள்ளி மாலை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்களோடு சிற்றாலயத்துக்கு நடந்தார். உள்ளே போய் முதல் படத்துக்கு முன்னால் நின்றவர் என் காதுக்குள் கேட்டார்.

"இவ்வளவு நீலமா அடிச்சிருக்கிறன்?"

"ஓம் அப்பா."

"வானத்திலை நீலப் பெயின்ற் வாளியைக் கவிட்டுவிட்ட மாதிரிக் கிடக்கு. ஏன்டா நீ சொல்லேல்ல?"

கண்ணில் படலம் இருந்தபோது நீலம் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். போதாது போதாது என்று ஊற்றியிருக்கிறார். அவர் அப்படித்தான் விரும்புகிறார் என்று நான் அப்போது நினைத்துவிட்டேன்.

செபம் தொடங்கியது. எல்லோரும் படத்துக்குப் படம் நகர்ந்து முழங்காலில் நின்றார்கள். மூன்றாம் நிலையில் அப்பா உடனே முழங்காலிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். ஒன்பதாம் நிலையில் மற்றவர்கள் எழுந்து நகர்ந்த பிறகும் முழங்காலிலேயே இருந்தார். செபிக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா சொன்னார்:

"மூணும் ஒன்பதும் மாறிப்போச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வளைந்தது, நனைத்தது, சோக்கைத் துடைத்தது, பிறகு வரிசையை நானே தீர்மானித்தது. அவர் அழுவார் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"எத்தனை வளைஞ்சது?"

"பதினாலும்."

"பதினாலுமா?" இன்னொரு வாய் தேத்தண்ணி குடித்தார். "இண்டைக்குப் பார்த்தன், நேராத்தான் நிண்டுது. பிரேம்காரன் கெட்டிக்காரன் எண்டு நினைச்சன்."

"பிரேம்காரி" என்றாள் அம்மா.

"சரி. நீ ஏன் கட்டிப்பிடிச்சதை முதல்ல வச்சாய்?"

என் காரணத்தைச் சொன்னேன். பலம், களைப்பு, கை தளர்தல். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"முதல் தரம் விழுறவன்தான் மகன் பாரத்தை விடுறவன். பயத்தில விட்டுருவான். நானும் விட்டன். மா மூட்டை. நிலத்தில விழுந்து வெடிச்சு, கப்பல் தட்டு முழுக்க வெள்ளை. அரை நாள் சம்பளம் வெட்டினாங்க. ரெண்டாந் தரம் விழேக்க ஒரு கையால பிடிச்சன். அதுக்குப் பிறகு விழுந்ததெல்லாம் மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான். மூஞ்சி போனாலும் மூட்டை போகக் கூடாது."

"எனக்கு அண்டைக்கே தோணினது. இவர் மூக்கு உடைஞ்சு வந்த நாள் எனக்கு ஞாபகம்" என்றாள் அம்மா.

"தோணினா சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீ அவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினாய். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"அவனை ஏசாதே" என்றார் அப்பா. "மூட்டை தூக்கக் கூடாதெண்டுதானே அவனைப் படிக்க விட்டது. அவனுக்கு எப்படித் தெரியும்?"

சனிக்கிழமை அப்பா, சித்தப்பா, நான் மூவரும் சிற்றாலயத்துக்குப் போனோம். குழுத் தலைவர் வாசலில் மறித்தார். "ஆசீர்வதிச்ச படத்தை இனி அசைக்கலாமோ?"

"ஆண்டவரே மூணு தரம் விழுந்து எழும்பினவர். ரெண்டு பிரேம் இறங்கி ஏறினா என்ன?" என்றார் அப்பா. தலைவர் வழிவிட்டார்.

இரண்டு படங்களையும் இறக்கி, எண்களை நெம்பிக் கழற்றினோம். கழற்றும்போது ஆணிகள் வளைந்துவிட்டன. சித்தப்பா சந்திக் கடைக்குப் போய்ப் புது ஆணிப் பக்கெற் ஒன்று வாங்கி வந்தார். அப்பாவைக் குனிய விடாமல் ஒரு நீள மர வாங்கில் உட்கார வைத்து, படங்களின் முதுகை அவர் மடியில் வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சோக்குத் துண்டை எடுத்தார். என் வெள்ளைப் பெயின்றின் மேல் அது தெரியவில்லை. என் பேனையை வாங்கி, ஒன்றில் மூன்று கோடுகள் போட்டார். மற்றதில் நாலு கோடு, குறுக்கே ஒன்று, பக்கத்தில் இன்னும் நாலு.

படங்களை ஏற்றி முடித்துக் கதவடைத்து வெளியே வரும்போது, "எல்லாமா எவ்வளவு முடிஞ்சது?" என்று அப்பா கேட்டார். பிரேம், மரச்சட்டம், பெயின்ற், கொண்டுபோய்க் கொண்டுவந்த வாகனம் என்று ஐம்பதாயிரத்து இருநூறு ஆகியிருந்தது. என் பிழைக்காக அன்றைக்கு வாங்கிய ஆணிப் பக்கெற் நூற்றைம்பது.

ஐம்பதாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் என்று சொன்னேன்.